அஞ்சும் உயிர்க்கு ஆற்றும் அறம்

உயிர்கட்கு வருந் துன்பங்கள் பல. அவற்றுள் அச்சம் என்பது ஏனையவற்றின் வேறாயதோர் இயல்புடையது. பசி உணவின்மையான் வருவது. உணவு பெற்றவழி நீங்கும். நோய் உடற்குற்றத்தான் வருவது. அக்குற்றம் தீர்ந்தவழித் தீரும். அச்சமோ, தனக்குக் காரணமாய பொருள் அகன்ற பின்னரும் அகலாது நின்று வருத்துவது. அங்ஙனம் வருந்துமோர் உயிரைக் கண்டவிடத்து யாம் செய்யத் தக்கது யாது? 'ஈண்டு அஞ்சுதற்குரியது யாதுமில்லை' என்று சொல்லி விடுதல் அமையுமோ? அஞ்சும் இடத்தே வலிந்து செலுத்தி அஞ்சாமை பயிற்றுதல் தகுமோ? அன்றி, அஃது அதன் வினைப்பயன் எனக் கைவிட்டிருத்தல் முறையோ? இவ்வினா எம்மனையில் வளரும் நாய் ஒன்றன்பொருட்டு எம்மிடத்து எழுந்தது. நாயின்பொருட்டுத் தத்துவ விசாரமோ எனக் கற்றோர் நகுதல் வேண்டா. வைரவக் கடவுட்கு ஊர்தியாயது அவ்வுயிர். மணிவாசகப் பெருமான் தமது சிறுமையையும் இறைவனது எளிவந்த கருணையையும் ஒருங்கு உணர்த்தப் பன்முறையும் எடுத்தாண்டதும் அவ்வுயிரையே.

யாம் வாழும் காந்திகிராமம், திண்டுக்கல்லினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியின்கண், சின்னாளபட்டிக்கு அணித்தாய், கீழ்பாற் சிறுமலைத் தொடர் தோன்ற அமைந்ததோர் ஊர். 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தங் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்தியடிகளின் கிராமப்பணிக் கொள்கைகளை நடைமுறைப்படுத்தும் பொருட்டு நிறுவியது இது. காந்தியடிகள் தம் ஆசிரமத்தார்க்கு வகுத்த பதினொரு விரதங்களுள் அபயமும் ஒன்று. அப்பெயர் தாங்கிய ஊரிலிருந்துகொண்டே அபயத்தின் பொருளை யாம் அறுபது யாண்டு கடந்த பின்னர் ஒரு நாயினிடத்துக் கற்கவேண்டியதாயிற்று.

எமது இல்லத்துக் கொல்லைப்புறத்தில் ஒரு வேம்பும், துணிதுவைக்குங் கல்லும், நீர்த்தொட்டியும், விறகிடுதற்கு ஒரு தகரக் கொட்டகையும் உள. மணி என்று யாம் அழைக்கும் நாய், நாட்டுநாய். நான்கு யாண்டு நிரம்பியது. குட்டியாய் வந்த நாள்தொட்டுக் கொல்லைப்புறமே அதற்கு உலகமாயிருந்தது. ஓர் ஐப்பசித் திங்களில், மறுநாட் காலை அது பின்கட்டு வாயிற்படியளவில் வந்து நின்று, வாலை வயிற்றின்கீழ் ஒடுக்கி, செவிகளைப் பின்னே மடித்து, உடல் நடுங்கி, அப்பால் ஓரடியும் வையாது மீண்டது. உணவை வேப்பமரத்தடியில் வைத்து அழைத்தோம், வந்திலது. அடுத்த நாளும் அவ்வாறே. மூன்றாம் நாளும் அவ்வாறே.

அன்று மாலை ஓரூரிற் சீவகாருணியத்தைப் பற்றி ஒரு நாழிகை பேசி, மாலை சூட்டப்பெற்று மீண்டேம். வீட்டினுள் நாய் அசுத்தஞ் செய்திருந்தது கண்டு வெகுண்டு, அதன் கழுத்துவாரைப் பற்றி வாயிற்படி கடந்து ஈர்த்தேம். அது நாற்காலையும் தரையில் ஊன்றி, நகங்கள் தரையிற் கீற, நீர்விட்டு, ஓலமிட்டது. எம்மைக் கடித்தற்கு வேண்டுங் காரணமும் வலியும் அதற்கு இருந்தன, கடித்திலது. எமது முகத்தையே நோக்கிற்று. பற்றிய கை தானே நெகிழ்ந்தது. மேடையிற் பேசிய சொற்களெல்லாம் அந்நோக்கின்முன் வறுஞ்சொல்லாயின. அன்றிரவு தொடங்கி அது கொல்லைப்புறத்தை மட்டுமன்றி எம்மையும் அஞ்சுவதாயிற்று. ஒன்றாயிருந்த அச்சத்தை இரண்டாக்கியது எமது செயல்.

பின்னரே வினவத் தொடங்கினேம். முன்னிரவு வீசிய காற்றிற் கொட்டகையின் தகரமொன்று பெயர்ந்து, மணி படுத்திருந்த இடத்தின் அருகே பேரொலியுடன் வீழ்ந்ததென்று அண்டைவீட்டார் கூறினர். வினவிய பின்னன்றோ சினத்தல் வேண்டும்? யாம் சினந்த பின் வினவினேம். அச்சமெல்லாம் பொய்யச்சமும் அல்ல. திருவள்ளுவர் அஞ்சத்தக்கதனை அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்றார். எம் ஊர்ப்புறத்துக் கொல்லைகளில் விரியன் பாம்பு வருவதுண்டு. யாம் காணாததனை நாய் மோப்பத்தான் அறிதலும் உண்டு. ஆகலின் ஓருயிர் அஞ்சியவழி முதற்கண் செய்யத்தக்கது, அவ்வச்சம் மெய்ம்மையானதோ என்று ஆராய்தல். அடுத்துச் செய்யத்தக்கது, அதன் உடலில் நோவு உண்டோ என்று ஆராய்தல். கண்ணொளி குறைந்த நாயும், காலிற் புண்ணோ செவியில் நோயோ உடைய நாயும், முன்னர்ப் பழகிய இடத்தைத் திடீரென அஞ்சும். கால்நடை மருத்துவர் நோக்கி உடலில் நோயில்லை என்றார். புற்றும் வளையும் இல்லாமையைக் கண்டு, தகரத்தையும் அகற்றி விட்டோம். காரணம் நீங்கிற்று, அச்சம் நீங்கிற்றிலது.

ஈண்டுச் சிலர் கூறுவர்: 'தகரம் போயிற்று, இனி அந்நாய் அஞ்சுவது இல்லாததொன்றனை, இல்லாததன்கண் நிகழும் அச்சமும் இல்லாததே' என்று. கயிற்றில் அரவு தோன்றுதலைக் காட்டி உலகியல் அனைத்தும் பொய்யென முடிப்பார் கூற்றொடு ஒத்தது இது. அரவு பொய்யாயினும் அதனைக் கண்டு நடுங்கினானது நடுக்கம் பொய்யன்று. அவன் நெஞ்சு துடித்தது மெய். ஓடி வீழ்ந்து முழந்தாள் உடைத்துக்கொண்டானாயின் அவ்வுடைவும் மெய். உயிர் உள்பொருள், அஃது எய்தும் இன்பதுன்பங்களும் உள்ளனவே என்பது நம் சித்தாந்தம். ஆகலின் காரணம் இன்மை காட்டி, வருந்தும் உயிரின் வருத்தத்தை இகழ்தல் சித்தாந்திகட்கு ஏலாது.

இனி அவ்வச்சம் காரணம் நீங்கியும் நீங்காமை என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. கருவிகளின் வாயிலாக ஒன்றனை அறிந்து, அறிந்ததனோடு கூடி அதுவாய் நிற்பது. தகரத்தின் ஒலி அரைநொடியளவே செவியிற் பட்டது. ஆயினும் அவ்வொலியும், அவ்விருளும், அம்மரமும், அம்மண்ணின் நாற்றமும் ஒருங்கே சித்தத்திற் பதிந்தன. பின்னர் அவற்றுள் ஒன்று தோன்றினும் அனைத்தும் தோன்றும். மக்கட்கு, 'தகரம் வீழ்ந்தது, அஃது இப்பொழுது இல்லை' என்று நிச்சயஞ்செய்து கொடுத்தற்குப் புத்தி தத்துவம் விளக்கமாய் உளது. நாய்க்கு அஃது அத்துணை விளங்குவதில்லை. ஆயினும் மக்களாகிய நாமும் இருளில் அஞ்சுங்கால் தருக்க நூலால் தெளிவு பெறுகின்றிலேம். உயிர் அறிவிக்க அறிவது. அவ்வுயிர்க்கு அறிவிக்குங் கருவி சொல்லன்று, நிகழ்ச்சியே என்பது பெறப்படும்.

இதனை மேலைநாட்டு ஆராய்ச்சியும் வலியுறுத்தும். உருசிய நாட்டு உடலியலறிஞர் பாவ்லவ் என்பார் நாய்களைக்கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1924-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் லெனின்கிராடு நகரிற் பெருவெள்ளம் புகுந்தது. அவர்தம் ஆய்வகத்து நாய்கள் கூண்டுகளினின்று நீந்தச் செய்து காக்கப்பட்டன. உயிர்தப்பியும், அவற்றுட் சில தாம் முன்னர்ப் பயின்றவற்றை இழந்து நிலைகுலைந்தன. பன்னாட் பேணி ஒரு நாயைப் பண்டைநிலைக்குக் கொணர்ந்த பின்னர், ஆய்வறையின் கதவின்கீழ்ச் சிறிது நீரை ஒழுகவிட்டனர். அச்சிறு நீரைக் கண்டவளவில் அது மீண்டும் நிலைகுலைந்தது. வெள்ளம் போயும் வெள்ளத்தின் வாசனை போயிற்றிலது.

அதே 1924-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மேரி கவர் ஜோன்சு என்னும் அம்மையார், முயலைக் கண்டு அஞ்சிய, மூன்று யாண்டு நிரம்பாத ஒரு சிறுவனது அச்சத்தை நீக்கிய வரலாற்றை வெளியிட்டார். அவன் விரும்பும் உணவை உண்ணுங்கால் முயலை அவனுக்கு இடுக்கண் தோன்றாத சேய்மையில் வைத்து, நாடோறும் சிறிது சிறிதாக அணுகச் செய்தார். முயலை அஞ்சாத பிற சிறுவரையும் உடனிருத்தினார். முடிவில் அவன் முயலைத் தானே தடவினான். முயல் அவன்மேல் எறியப்பட்டதில்லை. இரு செய்தியும் ஈண்டு நோக்கத்தக்கன.

இனித் தடைகளை ஆராய்வாம். முதற்றடை: 'நாய் அஞ்சுதல் அதன் பிராரத்த வினைப்பயன்; அதனை நுகர்ந்தே கழிக்க வேண்டும்; இடைப்புகுந்து தடுத்தல் வினைநியதிக்கு மாறு' என்பது. அற்றன்று. அவ்வுயிர்க்கு அத்துன்பம் வினையான் வந்ததாயின், அத்துன்பம் தீர்க்கும் கை அதன் அருகே நின்றதும் வினையான் வந்ததே. நியதி இன்னது என்பதை இறைவன் அறிவான், யாம் அறியேம். அறியாத நியதியை எமது சோம்பலுக்கு அரணாக்குதல் நூற்கருத்தன்று. மனுநீதிச் சோழர் கன்றை இழந்த பசுவின்பொருட்டு, 'அதன் வினை' என்று கூறி அமைந்திலர். காவலன் தன்னாலும், தன் ஏவலராலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வரும் ஐவகை அச்சத்தையும் தீர்க்கக் கடவன் என்று அவர் கூற்றாகச் சேக்கிழார் பெருமான் வகுத்தருளினார். அவ்வைந்தனுள் 'தன்னால்' வரும் அச்சம் முதற்கண் வைக்கப்பட்டது. அதனைப் பலகாற் பாடஞ்சொல்லியிருந்தும், எமது கை கழுத்துவாரைப் பற்றிய அன்றே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. ஒவ்வொருவனும் தன்னைச் சார்ந்த உயிர்கட்குச் சிறியதோர் அரசன். அவன் தீர்க்கவேண்டிய முதலச்சம் தன்னால் வருவது.

உலகநூலாரும் இதற்கு இணங்குவர். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பான் அதன் நலம் பேணுதலையும் வீண்துன்பம் தவிர்த்தலையும் அவனது கடமையாக விதிக்கும். 2014-ஆம் ஆண்டு ஏறுதழுவல் பற்றிய வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், விலங்குகட்கு உரிய ஐவகை விடுதலைகளை எடுத்தோதியவழி, பசியினின்றும் நோயினின்றும் விடுதலையோடு அச்சத்தினின்று விடுதலையையும் எண்ணிற்று. அவ்விளையாட்டைப் பற்றிய முடிபு 2023-இல் வேறாயிற்றெனினும், பேணுவான் கடமை மாறிற்றிலது.

இரண்டாந்தடை: 'அஞ்சும் நாயைத் தடவி ஆற்றினால் அச்சம் வளரும்' என்பது. இதுவும் பொருந்தாது. ஒரு செயலைச் செய்தார்க்குப் பரிசளிப்பின் அச்செயல் வளரும். அச்சமோ விரும்பிச் செய்யுஞ் செயலன்று. தன்மேல் வந்து நேரும் மெய்ப்பாடு. நடுங்கும் மகவைத் தாய் அணைத்தலால் நடுக்கம் வளர்வதில்லை. இக்காலக் கால்நடை மருத்துவரும் அங்ஙனமே கூறுகின்றனர்.

மூன்றாந்தடையே வலியது. 'இறைவன் உயிர்களை ஆட்கொள்ளுங்கால் அறக்கருணையோடு மறக்கருணையும் செய்கின்றான். புண்ணை அறுக்கும் மருத்துவன் கொடியன் அல்லன். ஆகலின் நாயை அதன் நன்மைகருதி வலிந்து கொல்லையில் அடைத்து வைத்தலும் கருணையே ஆகாதோ?' என்பது அது. எமது மனமும் அன்று இதனையே துணைக்கொண்டது. இதற்கு விடை வருமாறு: மறக்கருணை முற்றறிவுடையானுக்கே உரியது. ஒவ்வோருயிரின் வினையளவும், மலத்தின் வலியும், அது தாங்கும் எல்லையும் அறிந்தவன் அவன் ஒருவனே. புண்ணை அறுக்கும் மருத்துவனும் புண்ணின் ஆழம் அறிந்து அறுக்கின்றான். யாம் அறிந்தது யாது? தகரம் வீழ்ந்ததைக்கூட அறிந்திலேம். அறியாமையோடு கூடிய வன்மை மறக்கருணை அன்று, மறமே. இன்னும் நோக்குக. எல்லாம் வல்ல இறைவனும் மலபரிபாகம் வருந்துணையும் காத்திருக்கின்றான். சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிகள் வைத்து, உயிர் எப்படியில் நிற்குமோ அப்படியினின்றே ஏற்றுகின்றான். ஒருநொடியில் முடிக்கவல்ல அவனே காத்திருப்பானாயின், யாதும் அறியாத யாம் காத்திராமைக்குக் காரணம் யாது? வெறுப்பும் விரைவுமே அன்றி வேறில்லை.

இவ்வாறு தெளிந்து, மருத்துவர் கூறியவாறு செய்யத் தொடங்கினேம். செய்தன மிக எளியன. அது நடுங்காது நிற்கும் எல்லை யாது என்று முதலிற் கண்டோம்; அது பின்கட்டின் உட்புறம், வாயிற்படிக்கு நான்கடி இப்பால். அவ்விடத்தே தயிர்ச்சோறு வைத்தோம். உண்டது. உண்ணுதலே உரைகல், அச்சம் மிக்கவழி நாய் தான் மிக விரும்புவதனையும் தீண்டாது. இரண்டுநாள் கழித்து ஓரடி முன்னே வைத்தோம். உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், காலொன்றைத் தூக்கி நிற்றல் ஆகிய குறிகள் தோன்றின், ஓரடி பின்வாங்கினோம். நாளொன்றுக்கு இருமுறை, சிறிதுபொழுதே. அச்சம் தோன்றுதற்கு முன்னரே முடித்துக்கொள்வது. வாயில் எப்பொழுதும் திறந்தே இருந்தது; மீளும் வழி உண்டென்று அறிந்த உயிரே முன்னேறத் துணியும். கயிறு கட்டினோமல்லேம். யாமும் பேசாது, வேப்பமரத்தடியில் ஏடொன்றை வைத்துப் படித்துக்கொண்டு அமர்ந்திருந்தேம்.

பத்துநாட் சென்றும் அது வாயிற்படி கடந்திலது. அதன்பின் அண்டைவீட்டாரது முதிய நாயை அழைத்து வந்தோம். அது கொல்லையில் அச்சமின்றி உலாவிற்று, மண்ணை மோந்தது, வெயிலிற் படுத்தது. மணி வாயிற்படியில் நின்று நெடும்பொழுது அதனையே நோக்கிற்று, பின்னர் ஓரடி வைத்தது, மற்றோரடி வைத்தது. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், மக்களை ஆட்கொள்ள இறைவன் குருவடிவு கொண்டு வருதற்குப் பார்வை விலங்கை உவமை கூறியருளினார். விலங்கைப் பிடித்தற்கு விலங்கையே காட்டுதல் போல, மானுடரைப் பிடித்தற்கு மானுடப் போர்வை கொண்டு வருகின்றான் என்பது அது. அவ்வுவமையைப் பலகாற் பாடஞ்சொல்லியிருந்தும், அது கண்ணெதிரே நிகழக் கண்டது அன்றே. யாம் ஆயிரஞ் சொல்லியும் அறியாததனைத் தன்னினத்தின் நடை ஒன்றனால் அஃது அறிந்தது. கார்த்திகை முடிவதற்குள் வேப்பமரத்தடி வரை வந்தது. தைத்திங்களில் முன்போல் வெயிலிற் படுத்தது.

அச்சம் முற்றும் தீர்ந்ததோ எனின், இல்லை. சித்திரையிற் கோடையிடி இடித்த ஓரிரவுக்குப்பின் மீண்டும் மூன்றுநாள் வாயிற்படியிலேயே நின்றது. கொட்டகை இருந்த மூலையை இன்றும் சுற்றிக்கொண்டே செல்கின்றது. பெருங்காயம் இருந்த பாண்டத்தின் நாற்றம் போல வாசனை நின்றது. பழைய அச்சம் அழிவதன்று, புதிய பழக்கம் அதன்மேல் வலிதாய் நின்று அடக்குவதே என ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். நம் நூல்களும் ஞானம் பெற்றார்க்குக்கூட வாசனை தாக்குதலை உடன்பட்டு, அதனைக் கழித்தற்கு ஐந்தெழுத்தை விதிப்படி ஓதுதலும் மெய்யன்பரோடு கூடியிருத்தலும் விதித்தன. ஒருமுறை தீர்ந்தது மீண்டதென்று சலித்தல் கூடாது. முன்னர் இருதிங்கட்கு மேல் வேண்டியது, பின்னர் மூன்றுநாளில் அமைந்தது, பயிற்சி வீண்போகவில்லை.

எம்மிடத்து அது கொண்ட அச்சமே நெடுநாள் நின்றது. கொல்லைப்புறத்தை அது மன்னித்த பின்னரும், யாம் கையை விரைந்து தூக்கியவழி ஒதுங்கிற்று. தகரம் அறியாது வீழ்ந்தது. யாம் அறிந்து ஈர்த்தேம். அவ்வேறுபாட்டை அஃது அறியுமோ, யாம் அறியேம். எமக்கு அது தெரியும். ஆடவல்லான் திருமேனியில் அமைத்த கை ஒன்றுண்டு. உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும் குறிக்க, யாதும் ஏந்தாத அவ்வமைத்த கையே காத்தலைக் குறிக்கும் என்று உண்மை விளக்கம் உணர்த்தும். காத்தற்றொழில் செய்யுங் கையில் கருவி இல்லை, கயிறும் இல்லை. அது விரித்துக் காட்டப்பட்ட வெறுங்கை.

ஆகலின், அஞ்சும் உயிர்க்கு ஆற்றும் அறம் நான்காய் முடியும்: அதன் அச்சத்தை இகழாமை, அதன் காரணத்தை ஆராய்தல், அது தாங்கும் எல்லையில் நின்று, வழி திறந்துவைத்து, உடனிருத்தல், அனைத்தினும் முன்னதாக, யாமே அதற்கு அச்சமாகாமை. மனையிலுள்ள நாய்க்கு மட்டுமன்று. பள்ளியில் நடுங்கும் மாணாக்கனுக்கும், மடத்திற் புதிதாய்ப் புகுந்த இளையோனுக்கும், எம் சொல்லுக்கு அடங்கியிருக்கும் ஒவ்வோருயிர்க்கும் இஃது ஒக்கும். சீவகாருணியம் பற்றி இனிப் பேச அழைப்பார் உளராயின், யாம் அன்றுபோல் ஒரு நாழிகை பேசேம். இவ்வளவே பேசி, மாலையை மறுத்து, விளக்குவைக்கும் பொழுதிற்குள் வீடு திரும்புவேம். அந்நேரம் மணி கொல்லைக்குச் செல்லும் நேரம், உடனிருத்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.